நேராகப் பீரோவை நகர்த்திய பிளம்பர்

பெருங்களத்தூரில் நாங்கள் வாடகைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. படுக்கையறைச் சுவர் ஊறி, பெயிண்ட் தோல் தோலாக உரிகிறது.

"நீங்க ஏசி மாட்ட ஓட்டை போட்டீங்கல்ல, அதுல பைப் உடைஞ்சிருக்கும். ரிப்பேர் உங்க பொறுப்பும்மா" என்று வீட்டு ஓனர் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். ஏசி இருப்பது எதிர்ச்சுவரில்.

இன்று காலை அவரே ஒரு பிளம்பரைக் கூட்டி வந்தார். பிளம்பர் எதுவும் கேட்கவில்லை. நேராகப் போய்ப் பீரோவை நகர்த்தி, "இங்கதான் சார்" என்று சுவரைத் தொட்டுக் காட்டினார்.

எனக்குச் சுருக்கென்றது. "எப்படிண்ணா பார்க்காமலே சொல்றீங்க?"

"போன வருஷம் நான்தானம்மா இதுக்கு ஒட்டு போட்டேன். அப்பவே பைப்ப மாத்துங்கன்னேன். சார்தான் வேணான்ட்டாரு."

ஓனருக்குத் திடீரென்று மொட்டைமாடி டேங்கைப் பார்க்க வேண்டியிருந்தது. இறங்கி வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல், "நானே மாத்திக் குடுத்துடறேன்" என்றார்.

ஜெயித்துவிட்டேன். ஆனால் நிம்மதி இல்லை. நாங்கள் குடிவந்தபோது சமையலறையில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மாலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வாடகை வீட்டில் எந்தச் சுவர் மட்டும் பளிச்சென்று இருக்கிறது?