நம்ம ஆளுங்க

மலைக்குள் புதுச் சாலை வராத காலம். புஜைராவிலிருந்து ஷார்ஜா வரும் ஷேர் டாக்சியில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஷார்ஜாவின் ரோலா கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர். வெள்ளைத் தாடி, ஓயாத கை. தொழுகைத் தொப்பியைக் கழற்றி மடிப்பார், சட்டைப்பையில் வைப்பார், உடனே எடுத்துத் தலையில் போடுவார். வழியெல்லாம் இதே வேலை. பார்த்துப் பார்த்து எனக்கே இருப்புக் கொள்ளவில்லை.

என் மடியிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

“என்ன கதை, தம்பி?”

“விஜயநகர ராஜாவுக்கும் பாமினி சுல்தானுக்கும் நடந்த சண்டை, பாய்.”

“யாரு ஜெயிக்கிறா?”

“இந்தத் தடவை நம்ம ஆளுங்கதான்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. இந்து ராஜாவின் படையைச் சொல்லும்போது அவரையும் சேர்த்து ‘நம்ம’ என்றிருந்தேன். மடித்த தொப்பியோடு அவர் கை நின்றுவிட்டது.

“அப்ப தோத்தது யாரு ஆளுங்க?”

‘உங்க ஆளுங்க’ என்று சொல்ல நா எழவில்லை. புத்தகத்தை மூடினேன்.

ரோலாவில் இறங்கியவர், தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் குனிந்தார்.

“நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப அடியா, தம்பி?”

டாக்சி கிளம்பிவிட்டது. எந்தப் பக்கத்து ஆட்களைப் பற்றிக் கேட்டார் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.