பரவைச் சந்தையில் தாகம் தீராத கன்று

மாடுகளுக்கென்று வைத்த தண்ணீரை மனிதர்களுக்கென்று மாற்றினால், அதைக் குடிக்கும் மனிதர்களின் தொகை கூடுமா, குறையுமா? கேட்பதற்கு இது பள்ளிக்கூடக் கணக்கைப் போலத்தான் இருக்கிறது. கூடும் என்று எந்தப் பையனும் சொல்லிவிடுவான். பரவைக்குப் போய் நேரில் பார்க்கும்வரை நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பிற்பகுதி அது. நான் பட்டம் பெற்று வாடிப்பட்டியில் ஆசிரியராக இருந்தேன். மதுரையில் என்னுடன் படித்த சிலர் சேர்ந்து, ஊரில் நடக்கும் தருமங்களைச் சீர்படுத்துவதற்கென ஒரு சங்கம் வைத்திருந்தோம். தெப்பக்குளத்து மீன்களுக்குப் பொரி போடும் கைகள் பட்டினி கிடக்கும் மனிதர்களை நோக்கித் திரும்ப வேண்டும் என்பது அதன் கொள்கை. நான் அதன் செயலாளர். மனிதனுக்கே முதலிடம் என்று பல ஊர்களில் பேசியிருக்கிறேன். வில்லாபுரத்தில் கைதட்டினார்கள். மற்ற ஊர்களில் பொறுமையாகக் கேட்டார்கள்.

எனக்கு மாமன் முறையான ஒருவர் பரவையில் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் விற்றுவந்தார். சந்தைத் திடலுக்கு எதிரே, சாலையோரத்தில் அவருக்கு ஒரு கிணறு இருந்தது. அதில் கமலை கட்டி, எருதுகளைக் கொண்டு நீர் இறைத்து, ஒரு குழாய் வழியாகக் கல்தொட்டியில் விழும்படி செய்திருந்தார். சந்தைக்கு வரும் மாடுகள் குடிப்பதற்காக அவர் செய்த தருமம் அது. மாட்டுத்தீவனம் விற்றுப் பிழைப்பவர் மாட்டுக்குத் தருமம் செய்ததில் யாரும் வியப்படையவில்லை.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. கண்மாய் வற்றி, கிணற்றிலும் நீர் இறங்கியது. அப்போது சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் மாமாவிடம் ஒரு யோசனை சொன்னார். தொட்டியை மூடிவிட்டு அந்த இடத்தில் பந்தல் போட வேண்டும். பானைகளில் நீர் நிரப்பி, ஓர் ஆளை உட்கார வைத்து, சந்தைக்கு வரும் மக்களுக்கு ஊற்ற வேண்டும். வண்டிக்காரர்கள் தங்கள் மாடுகளுக்கு வழியிலேயே எங்காவது தண்ணீர் காட்டிக்கொள்ளட்டும். இரண்டுக்கும் போதுமான நீர் கிணற்றில் இல்லை என்பது உண்மை. மாமா எனக்கு ஆள் அனுப்பினார். நான் போய்ச் சேர்ந்ததுமே கேட்டார்:

"மாட்டுக்கா மனுசனுக்கான்னு ஒரு வார்த்தையில சொல்லிப்புடு மாப்ள. ஊர் ஊராப் போயி அதத்தான பேசிக்கிட்டுத் திரியிற?"

"ஒருநாள் இருந்து பாத்துட்டுச் சொல்றேன் மாமா."

"இதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு? மாடு மாடுதேன், மனுசன் மனுசன்தேன்."

விளைவுகளை நேரில் ஆராயாமல் கருத்துச் சொல்லக்கூடாது என்பது எங்கள் சங்கத்தின் விதி. அந்த விதியை எழுதியவனே நான்தான் என்பதால், அடுத்த சந்தை நாளில் குடையை விரித்துக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்தேன்.

வண்டி மாடுகள் வந்தன, குடித்தன, சென்றன. அதில் ஆராய்வதற்கு ஒன்றுமில்லை. அவை சென்றபின், இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் ஒரு செவலைக் கன்றை ஓட்டிக்கொண்டு வந்தாள். கன்றைத் தொட்டியின் பக்கம் நிறுத்திவிட்டுக் குடத்தைக் குழாயடியில் வைத்தாள். குடம் நிரம்பியதும் கன்றோடு திரும்பிச் சென்றாள். சிறிது நேரத்தில் வேறொரு பெண் வந்தாள். கன்று அதேதான். அவளுக்குப் பின் வந்த மூன்றாமவளும் அதையே ஓட்டி வந்தாள். இம்முறை கன்று தொட்டியைக் கண்டதும் கால்களை ஊன்றிக்கொண்டு நகர மறுத்தது.

"இது யார் கன்னு?" என்று கேட்டேன்.

"எங்க கன்னுதேன் சாமி."

"இப்பத்தான வேற ஒருத்தி ஓட்டிட்டு வந்தா?"

"அவளும் எங்க தெருதேன்."

"இது இப்பத்தான குடிச்சிட்டுப் போச்சு?"

"வெயிலு அம்புட்டுக் கொடுமையா இருக்குல்ல சாமி" என்றவள், கன்றின் கழுத்தைத் தடவி, "குடி தாயி. ஒப்புக்கு ஒரு வாயி வையி. ஒனக்குன்னுதேன இந்தத் தொட்டியவே கட்டி வச்சிருக்காக" என்றாள். கன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. சற்றுத் தள்ளி, தங்கள் முறைக்குக் கன்று வரட்டுமென்று குடங்களோடு காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "நேத்துக் குடிச்சதே அதுக்குச் செமிக்கல, விடுக்கா" என்றாள்.

அவர்கள் கண்மாய்க்கு அப்பாலிருந்த சேரிப் பெண்கள். ஊர்க்கிணற்றில் அவர்கள் நீர் எடுக்க முடியாது. கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டி எடுத்துவந்தார்கள்; அந்த ஊற்றும் இப்போது வற்றியிருந்தது. மாடு குடிக்கும் தண்ணீருக்குத் தீட்டு என்று எதுவும் இல்லை. ஆதலால் கன்றோடு வருகிறவளை யாரும் தடுக்க முடியாது. கன்று இல்லாமல் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"வெறுங்கொடத்தோட வந்தா நீ யாரும்பாக. கன்னோட வந்தா கன்னத்தேன் பாப்பாக." பிறகு குரலைத் தாழ்த்தி, "தொட்டிய மூடப் போறாகன்னு சொல்றாக. நெசமா சாமி? வீட்டுல பிள்ளைக இருக்கு" என்றாள்.

எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மையன்று. முடிவு பெரும்பாலும் என் வார்த்தையைப் பொறுத்தே இருந்தது.

அன்று மாலை பிண்ணாக்குக் கடையில் மாமாவும் குத்தகைக்காரரும் எனக்காகக் காத்திருந்தார்கள். குத்தகைக்காரர் மிகுந்த மகிழ்ச்சியோடு இருந்தார். என் கட்சி எதுவென்று ஜில்லாவில் பாதிப் பேருக்குத் தெரியும் அல்லவா? நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"அண்ணே, பந்தல்ல உக்காருற ஆளு, யாரு வந்தாலும் ஊத்துவாரா?"

"பேஷா ஊத்துவான். யாருன்னு கேட்டுட்டு ஊத்துவான்."

கணக்கு முடிந்துவிட்டது. சந்தைக்கு வருபவர்கள் சற்று நடந்தால் ஊர்க்கிணறு இருக்கிறது. அங்கே அவர்களை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. நடந்தாலும் அங்கே நீர் எடுக்க முடியாதவர்களுக்கோ இந்தத் தொட்டி ஒன்றுதான். ஆனால் இதை வாய்விட்டுச் சொன்னால், சேரிப் பெண்கள் அங்கே நீர் எடுப்பதைக் குத்தகைக்காரர் அறிந்துகொண்டதாக ஆகிவிடும். அறிந்துகொண்டால் அவர் தடுத்தே தீர வேண்டும். அதுநாள்வரை அவர் அந்தப் பக்கம் பாராமலே இருந்து சமாளித்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகவே நான் கால்நடைகளுக்காகப் பேசினேன். வாயில்லாப் பிராணிகளின் பராமரிப்பு நாட்டின் வேளாண்மைக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதில் தொடங்கினேன். கன்றுகள் விஷயத்தில் நாம் காட்டும் அலட்சியத்தைக் கண்டித்தேன். அன்று காலை நானே கண்ட ஒரு செவலைக் கன்று அடுத்தடுத்துத் தொட்டிக்கு வந்ததாகவும், அத்தகைய தாகத்தை வேறெந்தப் பிராணியிடமும் நான் கண்டதில்லை என்றும் சொன்னேன். இவ்வளவையும் சிரிக்காமல் சொல்ல முடிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதே காரணம்.

குத்தகைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் தம்பி, பி.ஏ. படிச்சது கன்னுக்குட்டிக்கு வக்காலத்து வாங்குறதுக்கா? ஒரு கன்னு எத்தன தடவதேன் குடிக்கும்?"

"வெயில் அப்படிண்ணே."

"வெயில் எனக்குந்தேன் அடிக்கிது. மனுசனக் காயவிட்டுட்டு மாட்டுக்கு ஊத்தச் சொல்லுதா ஒங்க சங்கம்?"

மாமா அதுவரை பருத்திக்கொட்டையைக் கையால் அளைந்துகொண்டிருந்தார். "செவலக் கன்னுதான மாப்ள?" என்றார்.

"ஆமா மாமா."

"நெத்தியில வெள்ளச் சுழி?"

"ஆமா."

"அது நம்ம கன்னுதேன். பால்குடி மறந்ததும் கம்மாய்க்கு அங்கிட்டு வளப்புக்குக் குடுத்தேன். சின்னதுல இருந்தே அதுக்குத் தாகம் சாஸ்தி." கையிலிருந்த கொட்டையை உதறிவிட்டுக் குத்தகைக்காரர் பக்கம் திரும்பினார். "தொட்டி இருக்கட்டும் அண்ணே. மாட்டுக்குன்னு நேந்துக்கிட்டுச் செஞ்சது. மாத்துனா சாமி குத்தமாகிப் போகும்."

சாமி குற்றம் என்றபின் குத்தகைக்காரரால் மேற்கொண்டு வாதாட இயலவில்லை. அப்படி ஒரு நேர்த்திக்கடன் உண்டா என்று நான் இன்றுவரை மாமாவிடம் கேட்டதில்லை.

அந்தக் கோடை முழுவதும் தொட்டி திறந்தே இருந்தது. சேரிக்குத் தண்ணீர் கிடைத்தது. சந்தைக்கு வந்தவர்கள் ஊர்க்கிணறுவரை நடந்தார்கள்; என்னைத் திட்டவும் செய்தார்கள். அதை நீதி என்று நான் அன்றும் எண்ணவில்லை. ஒரு கன்றின் துணைக்கு வந்தவர்கள் என்ற பெயரில் மனிதர்கள் குடிநீர் பெற்றார்கள். அவ்வளவுதான். எங்கள் சங்கத்தில் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். விவரம் வெளியே பரவினால் தொட்டிக்கு ஆபத்து என்பதால், அங்கும் கால்நடைகளைப் பற்றியே பேசினேன். ஒருமனதாக என்னைச் செயலாளர் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கூட்டங்களுக்குப் போகவில்லை. சேரிக்கென்று தனியாக ஒரு கிணறு வெட்டித் தர வேண்டும் என்று ஜில்லா போர்டுக்கு மனு எழுதினேன். பதில் வராதபோது மறுபடியும் எழுதினேன். அந்த மனுக்கள் ஒன்றிலும் மாடுகளைப் பற்றி நான் எதுவும் குறிப்பிடவில்லை.