அடுப்படிக்கு வந்த ஜன்னல்

அடுப்படிக்கு ஒரு ஜன்னல் வேண்டுமென்று அம்மா ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டை விற்பது என்று முடிவான அடுத்த கிழமையே அப்பா அதை வைத்துக் கொடுத்தார். மொத்தம் ஒன்றரை நாள் வேலை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

தெரணியகலைக்குப் போகிற ரோட்டோரம், ரப்பர் தோட்டத்து எல்லை முடிகிற இடத்தில் அந்த வீடு இருந்தது. அப்பா அந்தத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. தோட்டத்து வரிசை வீடான லயத்து அறையில் பிறந்து வளர்ந்தவருக்குத் தனக்கென்று ஒரு வாசற்படி இருக்க வேண்டும் என்கிற வைராக்கியம். இரண்டு அறைக்கும் தகரக் கூரைக்கும் கைப்பணம் வந்தது, அடுப்படிக்கு வரும்போது தீர்ந்துபோனது. அதனால் அங்கே நாலு பக்கமும் சுவர்தான். புகை போக வேண்டுமானால் எங்களை மாதிரியே கதவு வழியாகத்தான் போக வேண்டும். "அடுத்த மாசம் ஜன்னல் வச்சிருவோம்" என்பார் அப்பா. அந்த அடுத்த மாதம் வருவதற்குள் நான் நடக்கப் பழகி, பள்ளிக்கூடம் போய், ஐந்தாம் வகுப்புக்கும் வந்துவிட்டேன்.

அந்த வருஷம்தான் எங்களுக்கு இந்தியாவுக்குப் போகிற கடிதம் வந்தது. இந்தியப் பிரஜையாகப் பதியச் சொல்லி, நான் பிறப்பதற்கு முன்பே அப்பா எழுதிப் போட்டிருந்தாராம். குறித்த நாளுக்குள் தலைமன்னாரில் கப்பல் ஏறியாக வேண்டும். அதற்குள் வீடு விற்காவிட்டால் பூட்டிவிட்டு, சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். போகிற இடத்தில் எங்களுக்கு ஒரு கூரை வேண்டுமென்றால் இந்தக் கூரை விலைபோக வேண்டும். ஆறு கிழமை இருந்தது, நாற்பத்திரண்டு நாள்.

அப்போதுதான் மாமா உள்ளே நுழைந்தார். அம்மாவின் தம்பி, பாலை ஷீட்டாக்குகிற தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் வேலை. எல்லாம் தெரிந்தவர், அதுதான் அவரிடம் இருந்த கோளாறு.

"இப்பிடியே காட்டுனா எவன் வாங்குவான் மச்சான்? கொஞ்சம் மினுக்கிக் காட்டணும். செலவே இல்லாம நான் செஞ்சு தாரேன், நீங்க பேசாம இருங்க."

அப்பா பேசாமல் இருந்தார். அந்தக் காலத்தில் அவர் செய்த பெரிய தப்பு அதுதான்.

முன்கதவை நாங்கள் தோளால் இடித்துத்தான் திறப்போம். மாமா அதைக் கழற்றி, அடியை இழைத்து மாட்டினார். ஒரு விரலால் தள்ளினால் திறந்தது! கூரையில் ஒழுகுகிற மூன்று ஓட்டைகளுக்கும் தார் வைத்து அடைத்தார். மழைக்காலமெல்லாம் அந்த ஓட்டைகளுக்குக் கீழே மூன்று சட்டி வைப்பது என் வேலையாக இருந்தது. அதுவும் போச்சு. பிறகு அப்பாவும் அவருமாகப் பழைய ஸ்டோரை இடித்த இடத்திலிருந்து பலகை ஜன்னல் ஒன்றைத் தூக்கி வந்து, அடுப்படிச் சுவரை வெட்டி வைத்தார்கள்.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏங்க, இதெல்லாம் நாங்க இருக்கப்ப செய்ய முடியாதா? வாரவங்கதான் மனுசங்களா? நாங்க என்ன ஆடு மாடா?"

"விக்கிற நேரத்துல ஏன் புள்ள சண்ட போடுற?" என்றார் அப்பா. விற்காத நேரத்தில் போட்ட சண்டைகளுக்கும் அவர் இதே மாதிரி ஏதாவது சொல்லியிருப்பார்.

கடைசியில் வெள்ளையடிப்பு. அங்கேதான் மாமாவுக்கு மூளை வேலை செய்தது.

"சும்மா சுண்ணாம்பு அடிச்சா ரெண்டு மழைக்குக் கழுவிட்டுப் போயிரும். ரப்பர் பால் கலந்தோம்னா அப்பிடியே புடிச்சுக்கும், பாருங்க."

ஸ்டோரிலிருந்து ஒரு வாளி பால் வந்தது. கலக்கியது நான். கம்பால் கலக்கக் கலக்கக் கட்டி கட்டியாகத் திரண்டது. கையெல்லாம் ஒட்டி, பின்னலின் நுனியிலும் ஒட்டி உறைந்து, கடைசியில் அம்மா நாலு விரல் முடியைக் கத்தரித்து எறிந்தாள். மூன்று நாள் அழுதேன். சுவர் மட்டும் ஒரு நாள் முழுக்கப் பளபளவென்று இருந்தது. மாமா தெருவில் நின்று பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

நாலாம் நாள் எம்பிலிப்பிட்டியிலிருந்து ஒரு சிங்கள முதலாளியும் மனைவியும் காரில் வந்தார்கள். கதவைத் தள்ளிப் பார்த்தார்கள், கூரையை அண்ணாந்து பார்த்தார்கள், எல்லாம் பிடித்திருந்தது. உள்ளே கால் வைத்ததுதான் தாமதம், அந்த அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மொகத மே கந்த?"

என்ன நாற்றம் இது என்று கேட்கிறார். அப்பாவுக்குச் சிங்களம் தண்ணி மாதிரி வரும். ஆனாலும் அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, என்ன நாற்றம் என்று அவர்களையே திருப்பிக் கேட்டார். மாமாவும் உறிஞ்சிப் பார்த்தார். நானும்தான். எங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வந்தவர்கள் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் காரில் ஏறிவிட்டார்கள்.

எலி செத்துக் கிடக்கிறது என்று அப்பா முடிவு கட்டினார். இரண்டு நாள் எலி தேடினோம். கட்டிலுக்கு அடியில், விறகுக் குவியலில், அரிசிப் பெட்டிக்குப் பின்னால். என் ஸ்கூல் பையைக்கூட மாமா உதறிப் பார்த்தார். எலி இருந்தால்தானே!

உண்மையைச் சொன்னது எங்கள் யாழ்ப்பாணத்து டீச்சர். நான் ஏன் பள்ளிக்கூடம் வரவில்லை என்று விசாரிக்க வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன பிள்ளை இது, உங்கட வீட்டுச் சுவரெல்லோ நாறுது! ஆரும் சுவருக்கு ரப்பர் பால் பூசுவினமோ?"

பால் சுவரிலேயே புளித்து அழுகிக்கொண்டிருந்தது. ரப்பர் ஸ்டோர் வாடையிலேயே பிறந்து, அதிலேயே சோறு தின்று வளர்ந்த மூக்குகள் எங்களுடையவை. ஊரே நாறினாலும் எங்களுக்குக் காற்றுதான். மாமா அன்றைக்குச் சாயந்தரமே ஏதோ வேலை இருக்கிறதென்று போய்விட்டார். நானும் அப்பாவும் கத்தியால் சுரண்டினோம். மஞ்சள் மஞ்சளாகத் தோல் உரிந்து வந்தது. பாதிச் சுவர் சுரண்டி முடிப்பதற்குள் அந்த ஆறு கிழமையில் ஐந்து ஓடிவிட்டது. அப்பா சாப்பாட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருப்பார்.

அப்புறம் கரவனெல்லப் பக்கத்திலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவர். அவர் மூக்கும் எங்கள் மூக்கு மாதிரிதான், சுவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனைவி நேராக அடுப்படிக்குப் போனாள். ஜன்னலைத் திறந்தாள். மரங்களுக்கு நடுவிலிருந்து காற்று வந்தது, வெளிச்சம் அடுப்பு வரைக்கும் விழுந்தது.

"இப்பிடி வெளிச்சமா ஒரு அடுப்படி! நீங்க குடுத்து வச்சவங்க அக்கா."

அம்மா அவளைப் பார்த்தாள். "ஆமாம்மா" என்று மட்டும் சொன்னாள்.

வீடு அன்றைக்கே பேசி முடிந்தது. அப்பா ரோட்டு வரைக்கும் போய் அவர்களை வழியனுப்பிவிட்டு, கடைக்குப் போய் மாமாவுக்கும் சேர்த்து வெற்றிலை வாங்கி வந்தார்.

கப்பலுக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் பகலில் நான் அடுப்படிக்குப் போனபோது அம்மா அந்த ஜன்னலடியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் துடைத்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு பாடுபட்டு, என் முடியையும் பறிகொடுத்து, கடைசியில் இந்த ஜன்னலும் உதவாக்கரையா? நேராக அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

"ஜன்னல் வச்சும் பொக போகலப்பா. அம்மாவுக்கு இன்னும் கண்ணு எரியுது."

அப்பா மாமாவைக் கூப்பிட்டுக்கொண்டு, உளியும் சுத்தியலுமாக வந்துவிட்டார், இன்னும் அரை அடி அகலப்படுத்த. விற்றுவிட்ட வீட்டில்! அம்மா எழுந்து ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"போதும். இனி ஒண்ணும் செய்ய வேணாம். போங்க."

இரண்டு பேரும் முழித்துக்கொண்டு நின்றார்கள். நானும்தான். சட்டி பானை எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக் கட்டியாகியிருந்தது. காலையிலும் பகலுக்கும் பக்கத்து வீட்டுச் சாப்பாடு. அடுப்பில் அன்றைக்கு நெருப்பே மூட்டவில்லை. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் புகையைத்தான் குறை சொன்னேன்.