முருகன் நெற்றியில் இருந்த புள்ளி

பழைய மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் போக மாட்டார்கள். நானே கிளப்பிவிட்ட பேச்சுதான் என்றாலும் அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. பவர் பட்டனைப் பத்து முறை அமுக்குவேன். பின்பக்கத் துளைகளில் மூக்கை வைத்துக் கருகிய வாடை வருகிறதா என்று பார்ப்பேன். கடைசியாக என் பென் டிரைவைச் செருகி, திரை முழுக்க வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாக ஓடவிடுவேன். எங்காவது ஒரு புள்ளி கெட்டுக் கிடந்தால் அதில் அகப்பட்டுவிடும். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவன்கூட இத்தனை அழும்பு பண்ண மாட்டான். "வேணாங்க, எடுத்து வைங்க" என்று சொல்வதில் எனக்கு அப்படி ஒரு சுகம்.

அப்பேர்ப்பட்டவன் சொந்தத் தங்கை விஷயத்தில் கோட்டை விட்டேன்.

விராலிமலையில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடை ஒன்றை அவள் திறக்க இருந்தாள். பார்த்த வேலையை விட்டு, வீட்டில் எல்லோரோடும் சண்டை போட்டு எடுத்த கடை. "மானிட்டர் மட்டும் ஒம் பொறுப்புண்ணே. வர்றவங்க முன்னாடி மானத்த வாங்கிறாத" என்றாள்.

புதுக்கோட்டையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் மானிட்டரைப் போட்டதும் திரை நிறைய முருகன் முகம். நான் பென் டிரைவை எடுத்தேன். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொத மொதல்ல முருகன் மொகத்துல முழிச்சிருக்கோம். அத எடுத்துட்டுக் கறுப்புத் தெரைய போடப் போறியா? கட தொறக்கப் போற நேரத்துல!"

"தங்கச்சி சொல்றது நியாயந்தாங்க" என்றார் கடைக்காரர், பயபக்தியோடு. அந்தப் பக்தியை நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கடை திறந்த அன்று முதல் விண்ணப்பத்தின் வெள்ளைப் பக்கம் திரையில் வந்தது. நடுவில், சற்று மேலே, கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி. துணியால் துடைத்தேன், நகத்தால் சுரண்டினேன். அசையவில்லை. முருகன் நெற்றியில் இருந்த பொட்டு! அடப்பாவி மனுஷா, புள்ளிக்குத் தகுந்தாற்போலப் படத்தைத் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறார்.

"ஊருக்கெல்லாம் பாத்துப் பாத்து வாங்கிக் குடுத்த. எனக்கு மட்டும் இதுவா?" என்றாள் தங்கை. கண் கலங்கியிருந்தது. தடுத்தது யார் என்று கேட்காமல் போனை எடுத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார். திங்கட்கிழமை நான் வயரைக் கழற்றப் போன நேரம் ஓர் அம்மா உள்ளே வந்தார். கணவர் இறந்து ஒரு வருடம். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டுமாம். "இத முடிச்சிட்டுக் கழட்டுண்ணே" என்று சொல்லித் தங்கை தன் போனில் அவரைப் படம் எடுத்தாள். அதைத் திரையில் பெரிதாக்கி, "சரியா இருக்கான்னு பாருங்கம்மா" என்று மானிட்டரை அவர் பக்கம் திருப்பினாள்.

பொட்டில்லாத அந்த நெற்றியின் நட்டநடுவில் புள்ளி போய் உட்கார்ந்திருந்தது.

"தப்பா நெனைக்காதீங்கம்மா, அது மானிட்டர் கோளாறு" என்று உளறினேன். தங்கை பதறிப்போய்ப் படத்தை நகர்த்த மவுஸைப் பிடித்தாள்.

"நகத்தாத ஆத்தா. கொஞ்சம் இருக்கட்டும்."

உற்றுப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "நான் எப்பவும் இந்த அளவுலதான் வைப்பேன். பெருசா வச்சா அவுகளுக்குப் பிடிக்காது. ஒங்க பொட்டிக்கு அது எப்புடித் தெரிஞ்சுச்சு?"

பிரிண்டரிலிருந்து படம் வந்தது. அவர் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"இதுல காணோமே?"

"தெரையில மட்டுந்தாம்மா தெரியும்" என்றாள் தங்கை.

"அப்ப இன்னொண்ணு எடு. அந்தச் செவப்புப் பேனாவ இங்கிட்டுக் குடு."

இரண்டாவது படத்தில், திரையைப் பார்த்துப் பார்த்து, அதே இடத்தில் அதே அளவில் தானே ஒரு புள்ளி வைத்தார். ஊதிக் காய வைத்துப் பர்ஸுக்குள் பத்திரப்படுத்தினார்.

"கவர்மெண்டுக்கு அந்த வெறும் நெத்தியவே அனுப்பு. இது எனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கை என்னைப் பார்த்தாள். வயர் என் கையில் இருந்தது.

"விடுண்ணே, இதுவே இருக்கட்டும்" என்றாள்.

எந்தப் புள்ளிக்கும் இரங்காத நான், மறுபேச்சுப் பேசாமல் வயரை விட்டுவிட்டேன்.