லோகுவின் இடது பக்கம்

லோகநாதனைக் கர்வம் பிடித்தவன் என்றுதான் குரோம்பேட்டைப் பக்கம் எங்கள் அஸ்தினாபுரத்தில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். தெருவில் கூப்பிட்டால் சில சமயம் திரும்பிச் சிரிப்பான். சில சமயம் காதிலேயே விழாதது போலப் போய்விடுவான். டீக்கடை பெஞ்சில் இடது ஓரம் காலியாக இருந்தால்தான் உட்காருவான், இல்லாவிட்டால் நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவான். ஏன்டா என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. பழக்கம் என்பான்.

நாங்கள் அவனை லோகு என்று கூப்பிடுவோம். 2005-இல் அவனுக்கு இருபத்து மூன்று வயது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்டில் சேர்ந்திருந்தான். அவன் அம்மா முனியம்மா சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு லாரி ஓட்டும் வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார்.

எங்களை ஒன்றாகச் சேர்த்தது கிபாயத்துல்லா பாயின் பிரவுசிங் சென்டர். பெயருக்குத்தான் பிரவுசிங். முன்னால் நாலு கம்ப்யூட்டரில் யாராவது பரீட்சை ரிசல்ட் பார்ப்பார்கள். உள்ளறையில் இருந்த பத்திலும் கேம்தான். ஐந்து பேர் ஒரு கட்சி, ஐந்து பேர் எதிர்க்கட்சி. துப்பாக்கியோடு பாலைவன ஊர் ஒன்றின் சந்துகளில் ஒருவரையொருவர் தேடிச் சுடவேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் மத்தியானச் சாப்பாட்டை அவசரமாக முடித்துக்கொண்டு அங்கே வந்துவிடுவோம்.

அந்த விளையாட்டில் கண் பாதி, காது பாதி. எதிரி சுவருக்கு அந்தப் பக்கம் வரும்போது திரையில் ஒன்றும் தெரியாது. ஹெட்போனில் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். இடமா வலமா, கிட்டத்திலா தூரத்திலா என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். எங்களில் குறி பார்த்துச் சுடுவதில் லோகுவை அடிக்க ஆள் கிடையாது. எதிரே வந்தவன் தப்பியதில்லை. ஆனால் பக்கவாட்டில் யாராவது வந்தால் அவ்வளவுதான். திரையில் அவன் ஆள் பம்பரம் மாதிரி சுற்றிச் சுற்றித் தேடும். தேடி முடிப்பதற்குள் செத்திருப்பான்.

"லெஃப்ட்ல வரான்டா, கேக்கலியா?" என்று கத்துவோம்.

பழியை அவன் பாயின் ஹெட்போன் மேல் போடுவான். அதில் நியாயமும் இருந்தது. பஞ்சு பிய்ந்து, ஒயரில் கறுப்பு டேப் சுற்றி, பார்க்கவே பரிதாபமாகத்தான் அவை கிடந்தன. ஒரு பக்கம் வேலை செய்யாத ஹெட்போன் அந்தக் காலத்தில் ஒரு அதிசயமும் இல்லை. லோகு பஸ் ஸ்டாண்டில் பாட்டு கேட்க வாங்கிய இயர்போன்கள் எல்லாமே அப்படித்தான் போயின. வாங்கிய அன்றே ஒரு பக்கம் அவுட் என்பான். பிளாட்பாரத்தில் வாங்கினால் அப்படித்தான் என்று நாங்களும் சொல்லுவோம்.

அந்தத் தீபாவளி போனஸில் சொந்தமாக நல்ல ஹெட்போன் ஒன்று வாங்குவது என்று தீர்மானித்தான். எழுநூறு ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. போனஸ் வருவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே பார்ப்பவர்களையெல்லாம் விசாரித்தான். காதை முழுக்க மூடுகிற கப் வேண்டும் என்றார் பாய், இல்லாவிட்டால் ஃபேன் சத்தமும் பக்கத்து சீட்டுக் கூச்சலும் உள்ளே வந்துவிடும். ரெக்சின் மெத்தை வேண்டாம், நம் ஊர் வெயிலுக்கு அரை மணியில் காது வெந்துவிடும் என்றான் ஒருவன். பேஸ் அதிகம் உள்ளதைப் பார்த்து மயங்காதே, டம் டம் என்று அதிருமே தவிர காலடிச் சத்தம் அதில் மூழ்கிவிடும் என்று நான் சொன்னேன். எல்லோரும் ஒரு விஷயத்தை மட்டும் தவறாமல் சொன்னோம். நல்ல ஹெட்போன் என்றால் சத்தம் ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு நடந்து போகும். லோகு இதைக் கதை கேட்பது போலக் கேட்பான். "நெசமாவே நடந்து போவுமா?" என்று என்னிடம் தனியாக ஒரு தடவை கேட்டான்.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அவனோடு நானும் போனேன். குரோம்பேட்டையில் ரயில் ஏறிப் போனோம். அந்தச் சந்தில் ஆள் நடக்க இடமில்லாமல் கீபோர்டும் ஒயருமாகக் குவித்திருந்தார்கள். ஏழெட்டுக் கடை ஏறி இறங்கிய பிறகு, போட்டுப் பார்த்து வாங்கலாம் என்று சொன்ன ஒரே கடை ஐசக் என்பவருடையது. ஐம்பது வயதிருக்கும். பொறுமையான மனிதர். ஒரு சிடி பிளேயரில் பாட்டைப் போட்டு, முதல் ஹெட்போனை லோகுவின் தலையில் அவரே மாட்டிவிட்டார்.

லோகு கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கழற்றினான். "லெஃப்ட் வேலை செய்யல சார்."

ஐசக் அதை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு வேறொன்றைப் பிரித்துக் கொடுத்தார். அதிலும் லெஃப்ட் இல்லை என்றான். மூன்றாவது கொஞ்சம் விலை கூடியது, பெட்டி பிரிக்காத புதுசு. அதற்கும் அதே பதில். கடைக்காரர் முகம் மாறத் தொடங்கியது. விலையைக் குறைக்க நாடகம் ஆடுகிறோம் என்று அவர் நினைத்திருந்தால் தப்பில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. அதை வாங்கி நான் மாட்டிக்கொண்டேன். வலது பக்கம் வயலின், இடது பக்கம் தபேலா, தண்ணீர் போலச் சுத்தமாகக் கேட்டது.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. ஹெட்போனைத் திருப்பி, இடது கப் அவன் வலது காதில் வருகிற மாதிரி மாட்டினேன்.

"இப்ப?"

"தபேலா கேக்குது," என்றான். இதுவரை அந்தப் பாட்டில் தபேலா இருப்பதே அவனுக்குத் தெரியாது. கையை மெதுவாக உயர்த்தி, வலது காதில் இருந்த கப்பை மட்டும் தள்ளினான். இடது காதின் மேல் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவன் என் முகத்தையும் ஐசக்கின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஹெட்போன் நல்லாத்தான் கீது மச்சான்," என்றான்.

ஐசக் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவனை உட்காரவைத்தார். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, இப்போது எதுவும் வாங்கவேண்டாம், முதலில் காது டாக்டரைப் பாருங்கள் என்றார். திரும்பும்போது ரயில் பல்லாவரம் தாண்டியதும், லோகு இடது காதுப் பக்கமாக விரலைச் சொடுக்கிச் சொடுக்கிப் பார்த்தான்.

முனியம்மா முதலில் நம்பவில்லை. பிறகு யோசித்து யோசித்து ஒவ்வொன்றாகச் சொன்னார். கைக்குழந்தையாக இருக்கும்போது ஒரு காய்ச்சலுக்குப் பிறகு காதில் சீழ் வடிந்ததாம். ஒன்றரை வருடம் வந்து, தானாக நின்றுபோனதாம். நின்றுவிட்டது, சரியாகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாக விட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் கேட்கவில்லை என்று பிள்ளையும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வான்? உலகம் எல்லோருக்கும் அப்படித்தான் கேட்கிறது என்றல்லவா அவன் இருந்தான்.

அரசு ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் வந்தார். காது டாக்டர் ஒரு பெண்மணி. சின்ன டார்ச்சில் பார்த்துவிட்டு, செவிப்பறையில் பெரிய ஓட்டை என்றார். பிறகு பள்ளிக்கூட லேபில் நாங்கள் பார்த்திருக்கும் டியூனிங் ஃபோர்க்கை எடுத்தார். இரண்டு முனை கொண்ட அந்த இரும்பை முழங்கையில் தட்டி, அது அதிரும்போதே அதன் அடிப்பாகத்தை லோகுவின் நெற்றி நடுவில் வைத்தார்.

"எந்தப் பக்கம் கேக்குது?"

லோகுவின் கண் அகலமாகத் திறந்தது. டாக்டர் மறுபடி கேட்டார். அவன் கை தானாக மேலே போய் இடது காதைத் தொட்டது.

"இங்க," என்றான். "இங்க கேக்குது மேடம்."

கதவோரம் நின்ற நான் இன்னும் கிட்டே வந்தேன். எலும்பு வழியாகப் போன சத்தம் அது என்று டாக்டர் விளக்கினார். உள்காது உயிரோடு நன்றாக இருக்கிறது, அதற்குச் சத்தத்தைக் கொண்டுபோகும் வழிதான் பழுதாகியிருக்கிறது. வெளிச் சத்தம் குறுக்கே வராததால் இந்தச் சத்தம் கெட்ட காதில்தான் பலமாகக் கேட்கும். இருபத்து மூன்று வருடமும் அந்தக் காது உள்ளே விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. முனியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். லோகு, இன்னொரு தடவை வைக்கமுடியுமா என்று டாக்டரிடம் கேட்டான். வரிசையில் அத்தனை பேர் காத்திருக்க, அவர் இன்னொரு தடவை தட்டி வைத்தார்.

ஆபரேஷனுக்கு முறை வரச் சில மாதம் ஆனது. காதுக்கு மேலே தோலுக்கு அடியில் இருந்த மெல்லிய சவ்வை எடுத்து ஓட்டையை மூடினார்கள். உள்ளே அரித்துப்போயிருந்த குட்டி எலும்பு ஒன்றையும் சரிசெய்தார்கள். முழுக்கக் கேட்கும் என்று வாக்குக் கொடுக்கமுடியாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். சில வாரம் கழித்து உள்ளே வைத்திருந்த பஞ்சை எடுத்தபோது, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஏதோ கேட்டது என்றான். அது நாளாக நாளாகத் தெளிந்தது.

தெளியத் தெளிய அவனுக்குத் தாங்கவில்லை. கம்பெனியில் மெஷின் சத்தம் இரண்டு பக்கமும் அடித்தது. தலைவலி. "செம பேஜாரா கீதுடா, மூடிக்கலாம் போல இருக்கு," என்று ஒரு நாள் என்னிடம் அலுத்துக்கொண்டான். ரோட்டைக் கடக்கும்போது எல்லா ஹாரனும் தன் மேலேயே ஏறி வருவதாகப் பயந்தான். மூளை பழக நாளாகும் என்று டாக்டர் சொன்னதைத்தான் நானும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பழகிவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்தது திருநீர்மலையில். முனியம்மா பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை காலை மூவரும் மலை ஏறினோம். தரிசனம் முடிந்து வெளியே வந்து படியோரம் உட்கார்ந்திருந்தோம். லோகு கண்ணை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அவன் விரல் தானாக நீண்டது.

"அங்க ஒரு பஸ்," என்றான். கீழே ரோட்டில் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. "இங்க யாரோ தேங்கா ஒடைக்கிறாங்க." அதுவும் சரி. மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று மேலே வந்தது. மூடிய கண்ணோடு அவன் முகம், சூரியகாந்தி திரும்புவது போல, அது போன திசையெல்லாம் திரும்பியது. சத்தம் தேய்ந்து மறைகிற வரைக்கும் விரலை எடுக்கவில்லை.

கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தான். "எல்லாம் ஒரே எடத்துல இல்லம்மா," என்றான். "ஒண்ணொண்ணும் அது அது எடத்துல கீது."

முனியம்மாவுக்கு என்ன புரிந்ததோ, அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. பிறந்ததிலிருந்து எனக்கு அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதை ஒரு பொருட்டாக நான் நினைத்ததே இல்லை. அன்று நானும் கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தேன். எத்தனை சத்தம், எத்தனை தூரத்தில். மலையைச் சுற்றி ஒரு ஊரே பரந்து கிடந்தது.

அடுத்த வாரம் மறுபடி ஐசக் கடை. அவர் எங்களை மறக்கவில்லை. ஆபரேஷன் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, லோகுவின் விலைக்குள் அடங்குகிற மூன்றைத் தேடி எடுத்து வைத்தார். இந்தத் தடவை லோகு பாட்டு வேண்டாம் என்றான். கேமில் வரும் காலடிச் சத்தத்தை மட்டும் பதிவு செய்து பாய் ஒரு சிடியில் போட்டுக் கொடுத்திருந்தார். முதலாவது பளபளவென்று இருந்தது. அதிர்வும் அதிகம், ஆனால் நடப்பவன் எந்தப் பக்கம் என்று குழப்பியது. இரண்டாவதில் சத்தம் நன்றாக இருந்தும் மெத்தை காதின் மேலே ஏறி அழுத்தியது. ஆபரேஷன் செய்த இடத்தில் உறுத்தியது. மூன்றாவது பேர் தெரியாத கம்பெனி. வெறும் கறுப்பு, துணி மெத்தை, மேசைக்கு அடியிலிருக்கும் கம்ப்யூட்டர் வரைக்கும் எட்டுகிற நீள ஒயர், வளைத்து வாய்க்குக் கொண்டுவரும் மைக். அதை மாட்டிக்கொண்டு லோகு அசையாமல் நின்றான். அவன் கண்மணி மட்டும் வலமிருந்து இடமாக மெல்ல நகர்ந்தது.

"நடந்து போவுது," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பாய் சென்டரில் எல்லோரும் அவனுக்காகக் காத்திருந்தோம். இனிமேல் எங்களை ஜெயிக்க ஆளில்லை என்று எதிர்க்கட்சிக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தோம். ஆட்டம் தொடங்கியது. லோகு ஒரு சந்தில் சுவரோரம் நின்றான். நின்றவன் நின்றபடியே இருந்தான். ஒரு நிமிடத்தில் சுடப்பட்டு விழுந்தான். அடுத்த ரவுண்டிலும் அப்படியே. அவன் துப்பாக்கி வெடிக்கவே இல்லை. அந்த ஆட்டத்தில் மோசமாகத் தோற்றோம்.

பாயே எழுந்து வந்து, ஹெட்போன் சரியில்லையா தம்பி, சுட்டவன் வந்தது கேட்கவில்லையா என்று கேட்டார்.

லோகு ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"கேட்டுச்சு பாய்," என்றான். "படியேறி, மண்ணுல நடந்து, என் பின்னாடி வரைக்கும் வந்தான். அவ்ளோ அழகா வந்தான். கேட்டுக்கினே நின்னுட்டேன்."

யாரும் அவனைத் திட்டவில்லை. பாய் அவன் கழுத்திலிருந்து ஹெட்போனை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டு, அடுத்த ஆட்டத்தைப் போடச் சொன்னார்.