மந்திரித்த மோட்டார்

மோட்டார் வாங்கச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் மற்றவர்களைத் திட்டும்போது என்னை மட்டும் விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்கக் கூடாது.

அறுபதுகளின் நடுவில், செஞ்சிக் கோட்டை மலை கொல்லைப்புறத்தில் தெரியும் இடத்தில், நாங்களும் என் மூத்தார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன், குடும்பமும் அடுத்தடுத்த கூரை வீடுகளில் இருந்தோம். கழனிக் கிணறு இரண்டு குடும்பத்துக்கும் பொது. ஒரு நாள் முறை எங்களுக்கு, மறுநாள் அவர்களுக்கு. மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த வரைக்கும் தகராறே வந்ததில்லை. வெயில் ஏறினால் மாடு நின்றுவிடும். மாடு நின்றால் கிணறு ஊறும். எங்கள் குடும்பத்தில் நியாயம் தெரிந்தவை அந்த இரண்டு மாடுகள்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அப்புறம், வேர்க்கடலை மட்டுமே போட்டுக்கொண்டிருந்த எங்கள் கழனிப் பக்கம் கரண்டுக் கம்பம் வந்தது.

"இன்னும் எத்தினி வருசம் மல்லாட்டையே போடறது? மோட்டாரு வாங்குங்க, கரும்பு வைக்கலாம்" என்றேன். வாங்கினார். மாதா கோயில் சாமியார் வந்து செபம் சொல்லி மந்திரித்தார். மோட்டார் மேல் தாராளமாகத் தீர்த்தம் தெளித்தார். கிணற்றுக்குள் ஒரு சொட்டும் விழவில்லை. தெளிக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

முறை என்றால் முறை. எங்கள் நாளில் மிச்சம் வைக்கும் தண்ணீர் மறுநாள் அவர்களுக்குப் போய்விடும். ஆகவே மிச்சம் வைப்பது ஏமாளித்தனம் என்று முடிவு செய்து, குழாய் காற்றை உறிஞ்சும் வரை ஓட்டினோம். மறுநாள் காலையில் தண்ணீர் மொள்ள மூத்தார் இறக்கிய சால் பாறையில் போய் இடித்தது. கொஞ்ச நாளில் அவரும் மோட்டார் வாங்கினார். அதற்கப்புறம் பாறைக்கு வெடி வைத்து ஆழப்படுத்தினோம். இரண்டு குடும்பமும் ஒற்றுமையாகச் செய்தது அது ஒன்றைத்தான்.

இரண்டு கொல்லைக்கும் நடுவே குடிதண்ணீர்க் கிணறு ஒன்று இருந்தது. நான் வாழ வந்த நாளிலிருந்து கோடையிலும் வற்றாதது. ஒரு நாள் வாளி தண்ணீருக்கு எட்டவில்லை. கயிறு தேய்ந்து குட்டையாகிவிட்டது என்று கயிற்றைத் திட்டினேன். புதுக் கயிறும் குட்டையாக இருந்தது. அடுத்த கோடையில் வாளியில் சேறு வந்தது.

"உங்க மோட்டாரு குடிச்சிடுச்சி" என்றாள் என் ஓரகத்தி, மூத்தாரின் மனைவி.

"உங்களுது மட்டும் இன்னா, பாலா குடிச்சிது?" என்றேன். அதோடு பேச்சு நின்றது.

கரும்பு நன்றாக வந்தது. அதில் பொய் சொல்லக் கூடாது. பிள்ளைகள் செருப்புப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். கூரையைப் பிரித்து ஓடு போட்டோம். கோடையில் புது வீட்டை மந்திரிக்க அதே சாமியார் வந்தார். வந்தவர்களுக்குக் கொடுக்கக் கடைத்தெருவிலிருந்து கோலி சோடா பெட்டி பெட்டியாக இறக்கியிருந்தோம்.

"சொம்புல கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார் சாமியார்.

குடத்தில் தண்ணீர் இல்லை. கழனி மோட்டாரில் பிடித்து வர அன்றைக்குக் கரண்டும் இல்லை. சோடாவை மந்திரிக்கலாமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. சொம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு வருடத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"ஒரு சொம்பு தண்ணி குடுக்கா."

ஓரகத்தி குடத்தைச் சாய்த்துப் பார்த்தாள். பாதிக்கும் கீழே இருந்தது. ஆனாலும் மொண்டு கொடுத்தாள். "மந்திரிச்சது போவ மிச்சம் இருந்தா கொண்டாந்து குடு. புள்ளைங்களுக்கு இதான் இருக்குது" என்றாள்.

சாமியார் ஒவ்வொரு சுவராகத் தெளித்துக்கொண்டு போனார். கை தாராளமாகத்தான் இருந்தது. நான் பின்னாலேயே போனேன்.

"சாமி, கொஞ்சமா தெளிங்க" என்றேன். வந்திருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் இரண்டாம் முறையும் சொன்னேன்.

சொம்பில் பாதி மிஞ்சியது. கையால் மூடி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். மோட்டார் வந்த பிறகு நாங்கள் அவர்களுக்கு மிச்சம் வைத்த தண்ணீர் அது மட்டும்தான்.