பதினேழு பேர் குடியேறிய கொடி

என் அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை. பகல் முழுக்க நீராவியில் வெந்துவிட்டு, இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவாள். "பகல்ல பூத்தா யாருக்குடா லாபம்? நான் வீட்டுல இருக்கறப்போ பூக்கட்டும்" என்று வீட்டின் பின்புறம் அந்திமந்தாரை, பவளமல்லி, நிலவுக்கொடி எல்லாம் பார்த்துப் பார்த்து நட்டாள். விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால், உள்ளங்கை அகல அந்துப்பூச்சிகள் வந்து அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்குமாம். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அதுகள்தான் அவளுக்குத் துணை.

நானோ பூச்சி மருந்து அடிக்கிறவன். இருபது வருஷத் தொழில். கரப்பான், கரையான் என்று பேர் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, "குடும்பத்தோட குடியேறிட்டாங்க, வந்து பாருங்க" என்றுதான் எல்லோரும் போன் செய்வார்கள். உடனே பம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

ஒருநாள் அக்கா போனில் சொன்னாள்: "நிலவுக்கொடியில பதினேழு பேர் குடியேறிட்டாங்கடா. தீனி போட்டு மாளல. வந்து பாரு."

அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு போனேன். விரல் பருமனில் பச்சைப் புழுக்கள், இலைகளை வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தன. அரை மணி நேரத்தில் பதினேழும் காலி. கூட்டி அள்ளிவிட்டுச் சீட்டியடித்தபடி திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, புழுவெல்லாம் பூச்சியாகிப் பறந்துவிட்டதா என்று கேட்டார். அக்கா தீனி போட்டது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. புழுதான் பூச்சியாகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. யோசிக்கவே இல்லை.

"காக்கா கொத்திட்டுப் போயிடுச்சு" என்றாள் அக்கா. "என் தம்பி இருந்திருந்தா விரட்டியிருப்பான்."

நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மூன்று வாரம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. கடைசியில் மனசு கேட்காமல் ஒருநாள் அந்தியில் போய் நின்றேன். கொடி நிறையப் பூ, ஒரு பூச்சி இல்லை. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, காக்கா இல்ல. நான்தான்."

"தெரியும்டா. நாள் பூரா மருந்து வாடையில நிக்கிறவ நான். அன்னைக்குக் கதவைத் திறந்ததுமே இது உன் மருந்துன்னு தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் காக்கான்னு சொன்னே?"

"பின்னே, அந்தம்மா எதிர்ல உன்னைக் காட்டிக்கொடுக்கச் சொல்றியா?"

நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். அதற்குப் பதில் கன்னத்தில் ரெண்டு விட்டிருக்கலாம்.